போர்ட்டைப் பழுதாக்காமல் ஐசி கழற்றுவது எப்படி

ரௌட்டர், எல்ஈடி ரிவியின் மெயின் போர்ட், சோலார் இன்வேர்ட்டர், மீன்பிடிப் படகின் ஜிபிஎஸ், அரிசி ஆலை மோட்டரின் கொன்ட்ரோல் போர்ட். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் திருத்தும் மேசைகளுக்கு வருகிற சாமான்கள் இப்படிப்பட்டவைதான். எதுவாக இருந்தாலும், போர்ட்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற ஓர் ஐசியை, அதாவது பல கால்களுள்ள சிறு கறுப்புச் சில்லை, கழற்ற வேண்டிய கட்டம் வந்துவிடும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் அதிகம் போர்ட்டைச் சாகடிப்பது அந்தக் கட்டத்தில்தான். ஐசி போனால் வேறொன்று வாங்கலாம். அதன் கால்கள் ஒட்டியிருக்கிற செப்புப் பேட் (போர்ட்டிலுள்ள சிறு செப்புத் தகடு) உரிந்துபோனால் கடையில் வாங்க முடியாது. ஆகவே இந்த வேலையில் முதலில் காப்பாற்ற வேண்டியது போர்ட்டை. ஐசி அதற்கு அடுத்ததுதான்.

ஐசியை யாரும் இழுத்து எடுப்பதில்லை. எல்லாக் கால்களிலும் சோல்டர், அதாவது கால்களைப் போர்ட்டோடு ஒட்டும் உலோகக் கலவை, ஒரே நேரத்தில் உருகி நின்றால் அது தானாகவே விட்டுக்கொடுக்கும். ஒரே ஒரு காலில் உருகாமல் இருந்தாலும், நீங்கள் தூக்கும்போது அந்தக் கால் தன் பேட்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஏன் இவ்வளவு இலகுவாகப் பேட் உரிகிறது என்பதற்குச் சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். பழைய போர்ட்களில் இருப்பது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சோல்டர். அது 183 பாகை செல்சியசில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, வீட்டுப் பாவனைப் பொருட்களில் பெரும்பாலும் ஈயமில்லாத சோல்டர்தான். வெள்ளீயத்தோடு 3 வீதம் வெள்ளி, 0.5 வீதம் செம்பு சேர்ந்த அந்தக் கலவை உருக 217 முதல் 220 பாகை வேண்டும். ஆனால் சாதாரணப் பச்சைப் போர்ட்டின் பிசின் 130, 140 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. செப்புப் பேட்டைப் போர்ட்டோடு பிடித்து வைத்திருப்பது அந்தப் பிசின்தான். அதாவது சோல்டர் உருகுகிற நேரத்தில் பேட்டின் பிடி ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் நெம்புவது, ஆட்டுவது, சுரண்டுவது எதுவும் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கழற்றப்போகும் ஐசி உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று தொடங்குமுன் தீர்மானியுங்கள். மெமரி ஐசியைக் கழற்றி அதிலுள்ள டேட்டாவை வாசிக்கப் போகிறீர்களென்றால் ஐசிக்கும் சூடு அளவாகப் போக வேண்டும். சுட்டுக் கருகிய டிரைவர் ஐசி என்றால் அதைப் பற்றிக் கவலையில்லை. காலை வெட்டி எடுத்தாலும் சரி.

மேசையில் இருக்க வேண்டியவை

வெப்பக் கட்டுப்பாடுள்ள 60 வாட்ஸ் சோல்டரிங் அயன், அதற்குக் கத்தி முனை ஒன்று. கூர் முனை இந்த வேலைக்கு உதவாது, அதில் சூடு கடத்தும் பரப்புப் போதாது. சூடான காற்றை ஊதும் ஒரு ஹொட் எயார் ஸ்டேஷன். பலரும் வாங்குகிற 858டி வகையே பழகுவதற்குப் போதும். 0.5 அல்லது 0.8 மில்லிமீற்றர் 63/37 சோல்டர் கம்பி, சோல்டரை உறிஞ்சும் செப்புப் பின்னலான 2 மில்லிமீற்றர் அகல சோல்டர் விக், ஊசிமுனை டுவீசர், சூடு தாங்கும் கப்டன் டேப், அலுமினியத் தாள், 10 மடங்கு பெருப்பிக்கும் லென்ஸ், போர்ட்டை ஆடாமல் பிடிக்கும் ஒரு ஹோல்டர், 99 வீத ஐசோபுரோபைல் அல்ககோல். மல்டிமீற்றரோடு வருகிற வெப்பம் அளக்கும் கம்பியையும் எடுத்து வையுங்கள். அதன் நுனியை ஐசிக்கு அருகே கப்டன் டேப்பால் ஒட்டிவிட்டால் போர்ட் உண்மையில் எத்தனை பாகையில் இருக்கிறது என்பது தெரியும். ஸ்டேஷனில் தெரிகிற எண் காற்றின் சூடு மட்டுமே.

சோல்டர் நன்றாக உருகிப் பரவ உதவுகிற ப்ளக்ஸ் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். எலெக்ட்ரோனிக் வேலைக்கென்றே வருகிற, சிரிஞ்சில் அடைத்த ஜெல் ப்ளக்ஸ் வாங்குங்கள். ஹாட்வெயார் கடையில் தகர டப்பாவில் கிடைக்கிற பேஸ்ட், தகரமும் குழாயும் ஒட்டுகிறவர்களுக்கானது. பலவற்றில் அமில உப்பு இருக்கும். வேலை முடிந்த அன்று எல்லாம் மினுங்கும். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற இந்தக் கரையோர ஈரக்காற்றில், மிச்சமிருக்கிற அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைத் தின்று பச்சைக் களிம்பாக்கிவிடும். சில மாதங்களில் அதே போர்ட் திரும்பவும் உங்கள் மேசைக்கு வரும்.

கரண்ட், எர்த், காற்று

அயனின் முனை எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் எர்த் ஊசிக்கும் அயன் முனைக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். இரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஹொட் எயார் ஸ்டேஷனின் இரும்புக் கூட்டையும் அப்படியே பாருங்கள். மலிவானவற்றில் எர்த் வயர் கூட்டோடு சரியாக இணைக்கப்படாமல் இருப்பதுண்டு. வீட்டில் மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசி அடப்டரில் செருகிப் பாவிக்கிற பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு அதை விட்டுவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்பதால் முனைக்கு எர்த் தேவையில்லை என்று ஆகாது. ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாற்றத்தான். ஐசியைக் கொல்லும் சிறு கசிவுக்கு அது அசையாது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் காற்று வரண்டு, உடம்பில் நிலைமின் ஏறுவது கூடும். பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழுந்தாலே போதும். 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ளே வைத்து வருகிற கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு, அதன் வயரை எர்த்தோடு இணையுங்கள். அந்த ரெசிஸ்டர் உங்கள் உயிருக்கான காவல். அதைத் தவிர்த்து வெறும் வயரைக் கையில் கட்டக் கூடாது.

சீலிங் பேனை நிறுத்திவிட்டுத்தான் ஹொட் எயாரைத் தொடங்க வேண்டும். வியர்த்தாலும் பரவாயில்லை. மேலிருந்து வரும் காற்று போர்ட்டின் ஒரு பக்கத்தைக் குளிர வைத்து, மறுபக்கம் கருகுகிற வரைக்கும் உங்களைச் சூடேற்ற வைக்கும். ப்ளக்ஸ் புகை மூச்சுக்குக் கெடுதி, முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு மிகவும் கெடுதி. ஆகவே சிறிய பேன் ஒன்றை மேசைக்கு அப்பால், யன்னலை நோக்கி, புகையை இழுத்து வெளியே தள்ளும்படி வையுங்கள்.

ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் புகையால் அல்ல, கையால்தான். வெற்றிலையும் தேத்தண்ணியும் இந்த மேசைக்கு வரக் கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சோல்டர்த் துணுக்குகளை மூடியுள்ள போத்தலில் சேருங்கள், பிள்ளைகள் நடமாடுகிற வீடென்றால் கட்டாயம்.

போர்ட்டைத் தயார்படுத்தல்

மின்சாரம் துண்டித்த பிறகும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். 230 வோல்ட் மாறுமின்னின் உச்சம் அவ்வளவு. 10 கிலோஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் பிடியோடு அதன் இரு கால்களிலும் சில செக்கன்கள் வைத்து இறக்கி, மீற்றரால் உறுதிப்படுத்துங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் பண்ணுவது வேண்டாம். பற்றரி எதுவாக இருந்தாலும், நாணயப் பற்றரியையும் சேர்த்து, கழற்றி மேசையிலிருந்து தூர வையுங்கள். லிதியம் பற்றரிக்குப் பக்கத்தில் ஹொட் எயார் பிடிப்பது தீயோடு விளையாடுவது.

ஐசியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் காலைக் காட்டும் புள்ளி எந்தப் பக்கம் என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இனி ஈரம். மாரி காலத்தில், வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டிருக்கும் கார்த்திகை, மார்கழியில், திறந்து கிடந்த போர்ட்டும் ஐசியின் பிளாஸ்டிக் உடலும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 200 பாகைக்கு மேல் அதைச் சடுதியாகக் கொண்டுபோனால் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஐசியின் உடலை வெடிக்க வைக்கும். போர்ட்டின் படைகளையும் பிரித்து வெள்ளைக் கொப்புளமாக்கும். சில வேளை ‘டொக்’ என்ற சிறு சத்தமே அடையாளம். அப்படிப்பட்ட போர்ட்டைப் பற்றரி, டிஸ்பிளே எல்லாம் கழற்றிவிட்டு 80 பாகையில் ஒரு முழு இரவு காய வையுங்கள். வெயிலில் வைத்தால் மேல் ஈரம் போகும், உறிஞ்சிய ஈரம் போகாது. இதற்குப் பாவிக்கிற சிறிய அவனில் பிறகு சாப்பாடு சமைக்க வேண்டாம்.

வாழைச்சேனை, கல்முனைப் பக்கப் படகுகளிலிருந்து வருகிற போர்ட்களுக்கு இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடல் உப்பு அல்ககோலில் நன்றாகக் கரையாது. முதலில் வடித்த நீரில் மெல்லிய தூரிகையால் கழுவி, பிறகு அல்ககோலால் நீரை விரட்டி, அதன் பின்னர் காய வையுங்கள். இந்தப் போர்ட்களின் மேல் பெரும்பாலும் ஒளிபுகும் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைக் கால்களின் மேலிருந்து நீக்காமல் சூடாக்கினால் சோல்டர் உருகினாலும் பூச்சு ஐசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் உருகவில்லை என்று நினைத்து இன்னும் சூடேற்றுவீர்கள். கால்கள் பச்சை பிடித்திருந்தால் கண்ணாடி இழைப் பேனையால் மெதுவாகத் தேய்த்து உலோகம் தெரிய வையுங்கள். செம்பில் ஒரு பகுதியை உப்பு ஏற்கெனவே தின்றிருக்கும் என்பதால், இவற்றில் பேட் உரியும் ஆபத்து இரட்டிப்பு.

எட்டுக் கால் ஐசியை ஹொட் எயாரால் கழற்றல்

பழகத் தொடங்க ஏற்றது எட்டுக் கால் எஸ்ஓஐசி வகை. ரௌட்டரிலும் ரிவியிலும் மென்பொருளைத் தாங்கி நிற்கிற மெமரி ஐசி பெரும்பாலும் இதுதான். கால்களுக்கிடையே 1.27 மில்லிமீற்றர் இருப்பதால் கண்ணுக்கும் கைக்கும் அடங்கும். பழைய இரும்புக்கடையில் கிடைக்கிற செத்த ரௌட்டர், டிவிடி பிளேயர் போர்ட்களை எடுத்து, இந்த வகை ஐசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழகுங்கள். பேட் ஒன்றுகூட உரியாமல் தொடர்ந்து பத்து ஐசி வந்த பிறகுதான் ஒருவரின் சாமானில் கை வைக்க வேண்டும்.

முதலில் சுற்றியுள்ளவற்றை மூடுங்கள். பிளாஸ்டிக் கனெக்டர், உருளைக் கப்பாசிற்றர், கிறிஸ்டல் எல்லாவற்றுக்கும் கப்டன் டேப், அதன் மேல் அலுமினியத் தாள். கப்டன் டேப் தான் கருகாது, ஆனால் சூட்டைத் தடுப்பது குறைவு. சூட்டைத் திருப்பியனுப்புவது மேலேயிருக்கிற அலுமினியத் தாள்தான். உருளைக் கப்பாசிற்றர் அதிகம் சூடானால் வாய் பிளந்து திரவத்தைக் கக்கும்.

அடுத்து இரண்டு வரிசைக் கால்களிலும் ப்ளக்ஸ் ஜெல்லைத் தாராளமாக வையுங்கள். அயனை 340 பாகையில் வைத்து, ஒவ்வொரு காலிலும் சிறிது 63/37 சோல்டர் சேருங்கள். ஈயமில்லாத பழைய சோல்டரோடு இது கலக்கும்போது உருகும் வெப்பநிலை இறங்கும். 20, 30 பாகை குறைந்தாலே போர்ட்டுக்குப் பெரிய நிம்மதி. இந்த இரண்டு நிமிட வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்தால் மிச்சம் எல்லாம் இலகு.

இப்போது முன்சூடு. ஹொட் எயாரை 150 பாகைக்கு வைத்து, 5, 6 சென்ரிமீற்றர் உயரத்தில், ஐசியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அளவு பரப்பில் வட்டமாக ஆட்டிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள். ஒட்டி வைத்த கம்பி 100 பாகையைத் தொட்டால் போதும். கம்பி இல்லாவிட்டால் ப்ளக்ஸ் ஜெல் இளகித் தண்ணீர் போல் பரவுவதைப் பாருங்கள். முன்சூடு இல்லாமல் நேரடியாக 350 பாகையை அடித்தால் பக்கத்திலுள்ள செராமிக் கப்பாசிற்றர்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அன்று வேலை செய்யும், பிறகு ஒருநாள் ஷோர்ட் ஆகும்.

பிறகு 350 பாகை. நொசில், அதாவது காற்று வரும் வாய், 8 மில்லிமீற்றர். காற்று நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைவு. கூடினால் பக்கத்து ரெசிஸ்டர்கள் உருகிய சோல்டரில் பறந்துவிடும். நொசிலைப் போர்ட்டுக்கு நேர் மேலே, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் பிடித்து, கால் வரிசைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். ஐசியின் நடு முதுகில் நிறுத்தாதீர்கள். உருக வேண்டியது கால்களில் உள்ளது.

20 முதல் 40 செக்கனுக்குள் ப்ளக்ஸ் கொதித்துப் புகையும். அதன் பின் மங்கலாக இருந்த சோல்டர் சட்டென்று கண்ணாடி போல் மினுங்கும். எல்லாக் கால்களும் மினுங்குகின்றனவா என்று பார்த்து, டுவீசர் நுனியால் ஐசியின் பக்கத்தை ஒரு மயிரிழை தள்ளுங்கள். அது மிதந்து நகர்ந்து, கையை எடுத்ததும் தானாகப் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தால் எல்லாப் பக்கமும் உருகிவிட்டது. உருகிய சோல்டரின் மேற்பரப்பு இழுவைதான் அதைத் திருப்பி இழுக்கிறது. அசைந்தும் திரும்பாமல் நின்றாலோ, ஒரு மூலை மட்டும் அசைந்தாலோ இன்னும் நேரம் வரவில்லை. மிதப்பதைக் கண்டதும், காற்றை எடுக்காமலே, நேராக மேலே தூக்குங்கள். சாய்த்து எடுத்தால் கடைசிக் கால்கள் பேட்டை உரசும்.

ஒன்றரை நிமிடம் பிடித்தும் உருகவில்லையென்றால் சூட்டைக் கூட்டாமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் காரணம், ஏதோ ஒரு கால் போர்ட்டின் அகன்ற கிரவுண்ட் செப்போடு சேர்ந்திருப்பது. அந்தச் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆறவிட்டு, இந்த முறை போர்ட்டின் அடியிலிருந்தும் முன்சூடு கொடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். அடியில் வைக்கும் பிரீஹீற்றர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஐசி வந்ததும் போர்ட்டை அசைக்காதீர்கள். பக்கத்துச் சிறு பாகங்களும் உருகிய சோல்டரில் மிதந்துகொண்டிருக்கும். ஊதக் கூடாது, ஈரத்துணி கூடாது, பேன் போடக் கூடாது. தானாக ஆறட்டும். ஹொட் எயார் கைப்பிடியைத் தாங்கியில் வைத்தால் பேன் ஓடி ஹீற்றரை 100 பாகைக்குக் கீழே இறக்கும். அதற்குமுன் சுவர் சுவிட்ச்சை நிறுத்தக் கூடாது. இடையில் கரண்ட் போனால் கைப்பிடியை உடனே இரும்புத் தாங்கியில் வைத்து, பிளாஸ்டிக், துணி எதுவும் அருகே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று நின்றதால் சூடு அப்படியே உள்ளேயே நிற்கும்.

பேட் சுத்தம்

கழற்றும்போது தப்பிய பேட்கள் இந்த இடத்தில்தான் போகின்றன. விக்கின் நுனியில் ப்ளக்ஸ் தடவி, பேட் வரிசையின் மேல் வைத்து, 340 பாகை அயனை விக்கின் முதுகில் வையுங்கள். விக் சோல்டரைக் குடித்து வெள்ளி நிறமாகும். அயனையும் விக்கையும் ஒன்றாகத் தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். துடைப்பம் போல் இழுக்க வேண்டாம். அயனை முதலில் எடுத்துவிட்டால் விக் ஆறிப் பேட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்தால் பேட்டும் வரும். ஒட்டிவிட்டால் திரும்ப அயனை வைத்து உருக்கி எடுங்கள். சோல்டர் குடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனியில் தொடருங்கள். பழைய பகுதி சூட்டை மட்டும்தான் உறிஞ்சும்.

போர்ட் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின் அல்ககோலால் கழுவுங்கள். அது 12 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். சூடான போர்ட்டிலோ அயனுக்குப் பக்கத்திலோ ஊற்றக் கூடாது. லென்ஸில் பார்த்து, பக்கத்துப் பேட்களுக்கு இடையே ஷோர்ட் இல்லையென்றும், ஒவ்வொரு பேட்டும் அதன் ட்ராக்கோடு (செப்புக் கோட்டோடு) தொடர்பில் இருக்கிறதென்றும் மீற்றரால் உறுதிப்படுத்துங்கள். பேட் ஒன்று உரிந்திருந்தால், அந்த ட்ராக்கின் பச்சைப் பூச்சை 2 மில்லிமீற்றர் சுரண்டி, 0.1 மில்லிமீற்றர் எனாமல் கம்பியால் ஐசியின் காலுக்கு இணைப்புக் கொடுக்கலாம். எதனோடும் சேராத வெற்றுப் பேட் என்றால் விட்டுவிடலாம்.

ஹொட் எயார் இல்லாவிட்டால்

எட்டுக் கால் ஐசிக்கு அயன் மட்டுமே போதும். இரண்டு பக்கக் கால்களையும் சோல்டரால் மூழ்கடித்து, பக்கத்துக்கு ஒரு நீளக் கட்டியாக்குங்கள். கத்தி முனையை இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறி வைத்தால் சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றாக உருகி நிற்கும். அப்போது ஐசியை மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். 

பிஸ்மத், இந்தியம் கலந்த தாழ்வெப்ப சோல்டர் கிடைத்தால் இன்னும் இலகு. அது நெடுநேரம் உருகியே நிற்கும். ஆனால் அதன் மிச்சத்தைப் பேட்டில் விட்டுவிடக் கூடாது. பிஸ்மத்தும் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் 96 பாகையிலேயே உருகும் கலவை உருவாகும். பவர் போர்ட்டில் அப்படியொரு இணைப்பு வேலை செய்யும்போதே கழன்றுவிடும். விக்கால் எடுத்து, புது சோல்டர் பூசி, மீண்டும் எடுங்கள்.

செத்த ஐசியின் கால்களை வெட்டுவதென்றால், ஐசியின் உடலை ஒட்டியபடி, கூரிய பிளேடால் மெதுவாகப் பல தரம் கீறுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் பிளேடு வழுக்கி ட்ராக்கை அறுக்கும். பெரிய கட்டரின் வாய் காலைப் பக்கவாட்டில் தள்ளிப் பேட்டைப் பெயர்க்கும். தனித்தனியாக நிற்கும் கால்களைப் பிறகு அயனால் உருக்கி எடுக்கலாம்.

மற்ற வகைகள்

நாலு பக்கமும் கால் உள்ள கியூஎப்பிக்கு மேலே சொன்ன அதே முறைதான், நொசில் பெரிது, நேரம் கூட. கியூஎப்என் வகையின் வயிற்றில் ஓர் உலோகப் பேட் ஒட்டியிருக்கும். மேல் காற்று மட்டும் போதாது, அடியிலிருந்து 120 முதல் 150 பாகை முன்சூடு கட்டாயம். இன்வேர்ட்டர் போர்ட்டில் மின்சாரத்தைச் சுவிட்ச் போல் திறந்து மூடும் தட்டையான மொஸ்பெற்றுக்கும் அதேதான். எல்ஈடி பல்பின் அலுமினியப் போர்ட் மேலிருந்து கொடுக்கும் சூட்டை எல்லாம் குடித்துவிடும். அதை அடியிலிருந்து சூடான தட்டில் வைத்தே எடுக்க வேண்டும். கால்களே தெரியாமல் அடியில் உருண்டைகளால் ஒட்டியிருக்கும் பிஜிஏ வகையைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். ஐசியின் ஓரத்தில் பிசின் கசிந்தது போல் தெரிந்தால் அது அடியில் நிரப்பிய பசை. சோல்டர் உருகினாலும் அது விடாது.

கழற்றிய ஐசி உயிருள்ளது என்றால் மேசையில் திறந்து வைக்காதீர்கள். கால்களில் ஒட்டிய சோல்டரை விக்கால் எடுத்து, அல்ககோலில் கழுவி, நிலைமின் தடுக்கும் கறுப்புப் பஞ்சில் கால்கள் பஞ்சைத் தொடும்படி வையுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பைக்கற் ஒன்றோடு வைத்து, எந்தப் போர்ட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று அதன் மேல் எழுதி ஒட்டுங்கள்.